மெஷ் வைஃபைல ஆட்டோ அப்டேட்டை ஆஃப் பண்ணலாமா? கீழக்கரை வீட்டுக்கு ஒரு பதில்

தம்பி, நீங்க கேட்டதை முதல்ல ரெண்டு வரில சொல்லிடுறேன், வேற யாராவது படிச்சாலும் புரியணும்ல. நீங்க துபாய்ல இருக்கீங்க, கீழக்கரை வீட்ல உம்மா, நன்னி (பாட்டி), லாத்தா (அக்கா), லாத்தாவோட பையன். கீழ ஹால்ல ஒண்ணு, நன்னி ரூம்ல ஒண்ணு, மாடில ஒண்ணுனு மூணு யூனிட் மெஷ், அதாவது மூணு பெட்டியும் சேந்து வீடு பூரா ஒரே வைஃபையா குடுக்குற அமைப்பு. போன வாரம் ராத்திரி அதுவே அப்டேட் ஆகியிருக்கு, காலைல பாத்தா மாடி யூனிட் சிவப்பு லைட்டோட நிக்குது, கேமரா ரெண்டும் ஆஃப்லைன். இனிமே ஆட்டோ அப்டேட்டே வேணாம்னு ஆஃப் பண்ணிடலாமானு கேக்குறீங்க.

ஆட்டோவை ஆஃப் பண்ணுங்க, அப்டேட்டை விட்டுடாதீங்க. ரெண்டும் வேற வேற. இதுதான் என் பதில், மிச்சம் எல்லாம் அதை எப்படி செய்யுறதுங்குறதுதான். எந்த கம்பெனி பெட்டினு நீங்க சொன்னதை நான் இங்க எழுதலை, ஏன்னா இது எல்லா கம்பெனி பெட்டியிலயும் நடக்குறதுதான். நான் மண்டபத்துல இருக்கேன், 11 வருஷமா உச்சிப்புளி, பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடினு வீட்டுக்கு வீடு போய் நெட் வேலை பாக்குறேன், இந்த கதையை குறைஞ்சது நாப்பது வீட்லயாவது கேட்டிருப்பேன்.

முதல்ல அப்டேட் ஏன் வேணும்னு சுருக்கமா. 2017 அக்டோபர்ல மேத்தி வான்ஹூஃப்னு ஒரு ஆராய்ச்சியாளர் வைஃபையை பூட்டுற பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ2-லயே ஓட்டை இருக்குனு காட்டினாரு, அதுக்கு பேரு கிராக். திரும்ப 2021 மே மாசம் அவரே ஃப்ராக் அட்டாக்ஸ்னு இன்னும் சிலதை காட்டினாரு. இந்த மாதிரி ஓட்டையை பாஸ்வேர்டை மாத்தி அடைக்க முடியாது, புது ஃபர்ம்வேர், அதாவது பெட்டிக்குள்ள ஓடுற மென்பொருள், வந்தாதான் உண்டு. 2018 மே-ல விபிஎன்ஃபில்ட்டர்னு ஒரு மால்வேர் வெளிய தெரிஞ்சப்ப 54 நாட்டுல குறைஞ்சது 5 லட்சம் பெட்டி ஏற்கெனவே மாட்டியிருந்துச்சு, அதுல பெரும்பாலும் பழைய, எல்லாருக்கும் தெரிஞ்ச ஓட்டை உள்ள வீட்டு ரவுட்டர்ங்கதான். 2023 அக்டோபர் கடைசில நடந்தது இன்னும் மோசம். அமெரிக்காவுல ஒரே நெட் கம்பெனியோட வாடிக்கையாளர்ங்க வீட்ல, மூணே நாள்ல 6 லட்சத்துக்கு மேல ரவுட்டர் செத்துச்சு. உள்ள புகுந்தவங்க ஃபர்ம்வேரையே நாசம் பண்ணிட்டாங்க, பெட்டியை மாத்துறதை தவிர வழியே இல்ல. அதனால "ஓடுறதை ஏன் தொடணும்"னு விட்டு வெக்கிறதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன், அதுவும் உங்க வீட்ல ரெண்டு கேமரா இருக்கு, வாசல்ல யாரு வர்றா போறானு பாக்குற கேமரா.

இப்ப நேரத்துக்கு வருவோம், இதுதான் நிறைய பேரு யோசிக்காத விஷயம். ஆட்டோ அப்டேட் பொதுவா விடிகாலை 2-லேர்ந்து 5 மணிக்குள்ள ஓடுற மாதிரிதான் கம்பெனில வெச்சு அனுப்புறாங்க. எல்லாரும் தூங்குற நேரம்னு அவங்க கணக்கு. நம்ம கரையில அந்த நேரத்துல யாரு தூங்குறா? வல்லத்துக்கு போறவங்க 3 மணிக்கு எந்திரிச்சு போன்ல காத்து எப்படி இருக்குனுதான் முதல்ல பாக்குறாங்க. உங்க பக்கம் நோன்பு மாசம் பூரா சஹருக்கு வீடே முழிச்சிருக்கும், அங்கேர்ந்து நீங்களும் போட்டிம் ஆப்ல வீடியோ கால் போட்டு கூப்பிடுற நேரம் அது. சரி, சாதாரண நாள்ல எல்லாரும் தூங்குறாங்கனே வெச்சுக்குவோம், அப்பதான் இன்னும் ஆபத்து, ஏன்னா பாதில கரண்ட் போச்சுனாலோ ஒரு யூனிட் எந்திரிக்கலைனாலோ பக்கத்துல ஆளே இல்ல. காலைல 7 மணிக்கு உம்மா பாக்குறப்ப அது செத்து மூணு மணி நேரம் ஆகியிருக்கும், என்ன ஆச்சுனு யாருக்கும் தெரியாது.

நான் என் வாடிக்கையாளர்ங்களுக்கு சொல்றது ஞாயித்துக்கிழமை காலைல 11 மணி. உங்களுக்கு அங்க 9.30. லாத்தா பையனுக்கு ஸ்கூல் இல்ல, நீங்களும் ஃப்ரீ, சமையல் நடுவுல இருக்கும், யாரும் போன்ல இருக்கமாட்டாங்க. கரண்ட் ஆபீஸ் பராமரிப்பு ஷட் டவுன் பெரும்பாலும் வாரநாள்ல வர்றதால ஞாயித்துக்கிழமை அந்த தொல்லையும் கம்மி, இருந்தாலும் முந்துன நாள் பேப்பர்ல ஒரு தடவை பாத்துக்க சொல்லுங்க. மாசத்துக்கு ஒரு ஞாயிறு போதும். முதல் ஞாயிறுனு வெச்சுக்கிட்டா மறக்காது.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்றேன். துபாய்ல இருந்துக்கிட்டு ஆப்ல அப்டேட் பட்டனை நீங்களா அமுக்காதீங்க, வீட்ல பெட்டி பக்கத்துல போய் நிக்க ஒருத்தர் ரெடியா இருக்காங்கனு வீடியோல பாக்காத வரைக்கும்.

ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, நாலு வருஷம் முந்தி நான் பண்ணின தப்பு ஒண்ணு இருக்கு. தேவிபட்டினத்துல ஒரு வீடு, ஆடி மாசம், கச்சான் காத்து போட்டு அடிக்குது. ஸ்பீடு வரலைனு கூப்பிட்டாங்க, போனேன், புது வெர்ஷன் வந்திருக்கு, போட்டா சரியாகும்னு பட்டனை அமுக்கிட்டேன். மூணு நிமிஷம்கூட ஆகலை, கரண்ட் போச்சு. வந்தப்ப மெயின் யூனிட் உயிரோட இல்ல, லைட் ஒரு செகண்ட் மின்னி அணையுது, திரும்ப மின்னி அணையுது. அந்த வீட்டு அண்ணன் கடலுக்கு போயிருந்தாரு, மகளுக்கு அன்னைக்குதான் இன்ஜினியரிங் கவுன்சலிங்ல சாய்ஸ் போட கடைசி நாள். என் போனோட ஹாட்ஸ்பாட்டை போட்டுக் குடுத்துட்டு சாயங்காலம் 6 மணி வரை அந்த திண்ணையிலயே உக்காந்திருந்தேன், அந்த புள்ள முடிச்சு சப்மிட் பண்ணினப்புறம்தான் கிளம்பினேன். பெட்டிக்கு நானே காசு குடுத்து வேற வாங்கி மாட்டினேன். அதுலேர்ந்து கரண்ட் விஷயம் சரியா இல்லாத வீட்ல அப்டேட் பட்டனை தொடுறதே இல்ல.

உள்ள என்ன நடக்குதுனு தெரிஞ்சா உங்களுக்கே புரியும். அப்டேட்ல ரெண்டு கட்டம் இருக்கு. முதல்ல ஃபைல் டவுன்லோட் ஆகும், அந்த நேரத்துல நெட்டோ கரண்டோ போனா ஒண்ணும் ஆகாது, அப்புறம் மறுபடி இறக்கிக்கும். ரெண்டாவது கட்டத்துல பெட்டிக்குள்ள இருக்குற ஃப்ளாஷ் மெமரில பழசை அழிச்சுட்டு புதுசை எழுதுது, அந்த ரெண்டு மூணு நிமிஷம்தான் உயிர் போற நேரம். கொஞ்சம் நல்ல மாடல்ல ரெண்டு இடம் வெச்சிருப்பாங்க, பழசு ஒரு பக்கம் அப்படியே இருக்கும், புதுசை இன்னொரு பக்கம் எழுதி, சரியா எழுதியாச்சுனு செக் பண்ணினப்புறம்தான் மாறும், அதுல கரண்ட் போனாலும் பழசுலயே எந்திரிச்சிடும். விலை கம்மி பெட்டியில ஒரே இடம்தான், பாதி எழுதினப்ப போச்சுனா போச்சு. உங்க பெட்டி எந்த வகைனு வெளிய பாத்து சொல்ல முடியாது, அதனால ஒரே இடம்தான்னு நினைச்சு நடந்துக்கிறது நல்லது.

இன்வெர்ட்டர் இருக்கே, அப்புறம் என்னனு கேப்பீங்க. கீழக்கரையில பெரும்பாலும் எல்லா வீட்லயும் இருக்கு, ஆனா அதுல எகோ, யூபிஎஸ்னு ஒரு ஸ்விட்ச் இருக்கும். எகோல இருந்தா கரண்ட் போய் பேட்டரிக்கு மாறுறதுக்குள்ள ஒரு சின்ன இடைவெளி விழும். ஃபேன், லைட்டுக்கு அது தெரியவே தெரியாது, ஆனா ரவுட்டர் ஆஃபாகி ஆன் ஆகிடும். யூபிஎஸ் பக்கம் தள்ளி வெச்சா அந்த இடைவெளி கம்மி, பெரும்பாலும் தாங்கும். எலக்ட்ரீஷியன்கிட்ட சொல்ல வேண்டியது இல்ல, லாத்தாவே தள்ளிடலாம். இன்னும் ஒண்ணு, மாடி ரூம் பிளக் இன்வெர்ட்டர் லைன்ல இருக்கானு பாக்கணும், பல வீட்ல ஹால் மட்டும்தான் இன்வெர்ட்டர்ல இருக்கும், மாடி பிளக் நேரா கரண்ட்லதான். உங்க மாடி யூனிட் மட்டும் போனதுக்கு இதுவே காரணமா இருக்கலாம்னு எனக்கு சந்தேகம். அப்படி இருந்தா 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒண்ணு வாங்கி அந்த யூனிட்டுக்கு போடுங்க, ஆனா வாங்குறதுக்கு முன்ன அடாப்டர்ல எத்தனை வோல்ட், எத்தனை ஆம்ப்னு படிச்சு பாத்து அதுக்கு தக்கனதா வாங்கணும், குறைஞ்ச ஆம்ப் போட்டா அப்டேட் நடுவுலயே விழும்.

அடுத்தது துபாய் பெட்டி விஷயம். நீங்க மூணுல ரெண்டை அங்கேர்ந்து கொண்டு வந்ததா எழுதியிருக்கீங்க, மூணாவது இங்க வாங்கினது. இது நம்ம ஊர்ல ரொம்ப சகஜம், அட்டைப் பெட்டியில சாக்லேட்டோட ரவுட்டரும் வரும். ஒரே மாடல் பேரா இருந்தாலும் அடியில ஸ்டிக்கரை பாருங்க, வெர்ஷன்னு ஒரு நம்பர் இருக்கும், 1.0, 2.0, 3.2-னு. அது வேற வேறயா இருந்தா உள்ள சிப்பே வேறயா இருக்கலாம், ஒண்ணோட ஃபைல் இன்னொண்ணுக்கு ஆகாது. எந்த நாட்டுக்குனு தயாரிச்சாங்களோ அந்த நாட்டு சைட்லேர்ந்துதான் ஃபைல் எடுக்கணும், மாத்திப் போட்டா சில பெட்டி ஏத்துக்காது, சிலது ஏத்துக்கிட்டு கெட்டுப்போகும், வாரண்டியும் போயிடும். ஆப் வழியா பண்ணுறப்ப இந்த கவலை இல்ல, அதுவே சரியான ஃபைலை எடுத்துக்கும். ஆனா ரெண்டு வகை பெட்டிக்கும் புது வெர்ஷன் ஒரே நாள்ல வராது, ஒண்ணுக்கு இன்னைக்கும் இன்னொண்ணுக்கு மூணு வாரம் கழிச்சும் வரும். நடுவுல வெர்ஷன் பொருந்தாம மாடி யூனிட் தனியா நிக்குறதை நான் பாத்திருக்கேன். ஆப்ல ஒவ்வொரு யூனிட்டோட வெர்ஷனையும் தனித்தனியா பாத்து எழுதி வெச்சுக்கங்க.

எந்த யூனிட்டை முதல்ல போடணும்ங்குறது பெட்டியை பொறுத்தது. டிபி-லிங்க் டெகோ மாதிரி ஆப்லயே ஓடுறதுல வரிசையை அதுவே பாத்துக்கும், ஆட்டோவை ஆஃப் பண்ணவோ நேரத்தை மாத்தவோ ஆப்லயே இடம் இருக்கு. கூகுள் நெஸ்ட் வைஃபை, ஈரோ ரெண்டுலயும் ஆட்டோவை நிரந்தரமா நிறுத்தவே முடியாது, அது அவங்க வெச்ச சட்டம், அந்த பெட்டி வெச்சிருக்கவங்க கரண்ட் பக்கத்தை மட்டும் பலமா வெச்சுக்கணும். நெட்கியர் ஆர்பில கையால போடுறதா இருந்தா சாட்டிலைட்டை (துணை யூனிட்) முதல்ல, மெயினை கடைசில போடணும்னு கம்பெனியே சொல்லுது. மெயின் முதல்ல புதுசுக்கு போயிட்டா பழசுல நிக்குற சாட்டிலைட்டோட பேச்சு அறுந்துபோகலாம், அப்புறம் அதை எட்டிப்பிடிச்சு அப்டேட் போடவே வழி இருக்காது. ஆசுஸ் ஏஐமெஷ்ல வேற வேற மாடலை சேத்திருந்தா ஒவ்வொண்ணுக்கும் தனி ஃபைல். கையால போடுறப்ப எப்பவுமே லேப்டாப்பை லேன் கேபிள்ல மாட்டிக்கங்க, வைஃபைல போடாதீங்க, ஜிப் ஃபைலா வந்தா பிரிச்சு உள்ள இருக்குறதை போடுங்க.

கேபிள்னு சொன்னதும் நம்ம கரைக்கே உள்ள ஒரு தொல்லை ஞாபகம் வருது. வேதாளையில ஒரு வீட்ல அப்டேட் ஒவ்வொரு தடவையும் மாடி யூனிட்டுக்கு மட்டும் 40, 50 சதவீதத்துல நின்னுபோகும். மூணு தடவை ரீசெட் பண்ணியும் அதே கதை. கடைசில கேபிளை உருவி ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சு பாத்தா எட்டு பின்ல மூணுல பச்சை பூத்திருக்கு, சின்ன பாசி மாதிரி, நகத்தால சுரண்டினா மாவா உதிருது. உப்புக்காத்து. கடல் பக்கத்து ஜன்னலோரமா போற வயர்ல ரெண்டு வருஷத்துல இப்படி ஆயிடும். சும்மா வாட்ஸ்ஆப் பாக்குறப்ப தெரியாது, பெரிய ஃபைல் விடாம போறப்பதான் அறுந்து அறுந்து விழும். முனையை வெட்டி புது கனெக்டர் கிரிம்ப் பண்ணினேன், அஞ்சு நிமிஷத்துல அப்டேட் முடிஞ்சது. உங்க மாடி யூனிட்டும் கேபிள்ல வந்திருந்தா லாத்தா பையனை முனையை க்ளோஸ்அப்ல ஒரு போட்டோ எடுத்து அனுப்ப சொல்லுங்க. வயர்லெஸ்ல வந்திருந்தா யூனிட்டுக்கு நடுவுல எத்தனை சுவர்னு பாருங்க, பழைய வீட்டு கடல்கல்லு சுண்ணாம்பு சுவர்ல 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் ரொம்ப செத்துப்போகும்.

புது வெர்ஷன் வந்த அன்னைக்கே போடணுமானு ஒரு கேள்வி வரும். கூட வர்ற குறிப்பை படிச்சு பாருங்க. பாதுகாப்பு ஓட்டையை அடைச்சிருக்கோம்னு இருந்தா, இல்ல மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் எச்சரிக்கைல உங்க மாடல் வந்திருந்தா, அடுத்த ஞாயிறு வரை இருக்க வேணாம், அன்னைக்கு சாயங்காலமே போடுங்க. புது வசதி சேத்திருக்கோம்னு மட்டும் இருந்தா ரெண்டு மூணு வாரம் பொறுங்க, அதுக்குள்ள பிரச்சினை இருந்தா மத்தவங்க கத்தியிருப்பாங்க. பழைய வெர்ஷனுக்கு திரும்பலாம்னு நம்பி போடாதீங்க, பல கம்பெனில இப்ப திரும்ப விடுறதே இல்ல. பிரவுசர்ல "உங்க ரவுட்டர் பழசு, இங்க அமுக்கி அப்டேட் பண்ணுங்க"னு திடீர்னு வர்றது பூரா ஏமாத்து, உம்மா போன்ல வந்தா தொடவேணாம்னு சொல்லி வைங்க.

போடுறதுக்கு முன்ன ஒரு நோட்டுல எழுதி ஹால் அலமாரில வைக்கணும்: நெட் கம்பெனி குடுத்த யூசர்நேம், பாஸ்வேர்ட், விலான் நம்பர் இருந்தா அது, வைஃபை பேரு, பாஸ்வேர்ட். ரீசெட் பண்ண வேண்டி வந்தா இது இல்லாம ஒரு அடி நகர முடியாது, கம்பெனிக்கு போன் போட்டு காத்துக்கிட்டே இருக்கணும். ஃபைபர் வந்து சேர்ற அந்த முதல் பெட்டி, ஓஎன்டி, அதோட ஃபர்ம்வேரை நீங்க போட வேண்டியது இல்ல, நெட் கம்பெனிக்காரங்க அவங்க பக்கத்துலேர்ந்தே அனுப்புவாங்க. ஆனா அது மாறினப்புறம் சில சமயம் பிரிட்ஜ் மோட்ல, அதாவது நெட்டை மெஷ்ஷுக்கு கடத்துறதை மட்டும் செய்யுற நிலைல, இருந்தது பழையபடி ரவுட்டர் மோடுக்கு வந்துடும், அப்ப மெஷ் மேல பழி போடாம அதை ஒரு தடவை செக் பண்ணிக்கங்க.

இப்ப உங்க கேமரா. மாடி யூனிட்டோட சேந்து அது போச்சுனு நினைக்கிறீங்க, இருக்கலாம். ஆனா இன்னொரு காரணமும் உண்டு. அப்டேட்டுக்கு அப்புறம் சில பெட்டி அடுத்த பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ3-க்கு தானா மாறிக்கும், இல்ல 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலையும் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னலையும் ஒரே பேர்ல சேத்துடும். பழைய கேமரா, பிரிண்டர்லாம் அதுல ஒட்டவே ஒட்டாது. ஆப்ல பாதுகாப்பு அமைப்புல டபிள்யூபிஏ2-வும் 3-ம் கலந்ததை வெச்சு பாருங்க. அப்பவும் ஒட்டலைனா கேமராவுக்குனு 2.4-ல தனியா ஒரு பேரு குடுத்து டபிள்யூபிஏ2 மட்டும் வைங்க. மாடி யூனிட் எந்திரிச்சப்புறம் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை விழுந்து எழுந்தா 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னலோட சேனல் நம்பரை பாருங்க, 52-லேர்ந்து 144 வரை உள்ளதுல ரேடார் மாதிரி எதாவது சிக்னல் கேட்டாலே பெட்டி அந்த சேனலை விட்டு ஓடணும்ங்குறது விதி. மாத்த இடம் இருந்தா 36-லேர்ந்து 48-க்குள்ள வைங்க.

பெட்டி எத்தனை வருஷம் ஆச்சுனும் எழுதுங்க. கம்பெனி இந்த மாடலுக்கு இனி அப்டேட் இல்லனு சொல்லிட்டா மேல சொன்னது எதுவும் உதவாது, மாத்தித்தான் ஆகணும், அதை அவங்க சைட்லயே போட்டிருப்பாங்க.

சரி, சிவப்பு லைட்டுக்கு இப்ப என்ன செய்யணும்னா, லாத்தா பையன்கிட்ட மாடி யூனிட்டை கழட்டி கீழ ஹாலுக்கு கொண்டு வர சொல்லுங்க. மெயின் யூனிட் பக்கத்துலயே வெச்சு, நல்ல லேன் கேபிள் ஒண்ணால ரெண்டையும் இணைச்சு, அப்புறம் கரண்ட் குடுக்கணும். 15 நிமிஷம் யாரும் தொடக்கூடாது, லைட் என்ன கலர்ல போனாலும் பிளக்கை உருவ வேணாம், உருவுறதுலதான் பாதி பெட்டி சாகுது. பல தடவை அதுவே மிச்ச அப்டேட்டை முடிச்சுக்கிட்டு எந்திரிச்சிடும். எந்திரிக்கலைனா ஆப்லேர்ந்து அந்த ஒரு யூனிட்டை மட்டும் எடுத்துட்டு, ரீசெட் பண்ணி புதுசா சேருங்க. ரீசெட் ஓட்டை அடியில இருக்கும், உம்மா கிட்ட இருக்குற ஊக்கு முனையே போதும், லைட் மாறுற வரைக்கும் அமுக்கிப் பிடிக்கணும். மெயினை மட்டும் தவறிக்கூட ரீசெட் பண்ணிடவேணாம், எல்லாம் முதல்லேர்ந்து போடணும். அதுக்குதான் நான் போற வீட்ல எல்லாம் ஒவ்வொரு யூனிட் மேலயும் வெள்ளை டேப் ஒட்டி ஹால், நன்னி ரூம், மாடினு எழுதிடுவேன், ஆப்லயும் அதே பேரு. வீடியோல "இதுவா, இதுவா"னு தேட வேண்டியது இல்ல.

ரெண்டுக்கும் அசையலைனா அந்த யூனிட் அடியில இருக்குற ஸ்டிக்கரை போட்டோ எடுத்து போடுங்க. சில மாடலுக்கு ரெஸ்க்யூ மோட் இருக்கு, லேப்டாப்லேர்ந்து நேரா ஃபர்ம்வேரை ஏத்திடலாம். வெள்ளிக்கிழமை எனக்கு கீழக்கரைப் பக்கம் வேலை இருக்கு, ஜும்ஆவுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் வந்து பாத்து குடுத்துட்டு போறேன்.